ரேடியோ புராஜெக்ட்ல கடைசிப் பக்கம்தான் பேசும்

பிப்ரவரி 13 உலக வானொலி தினம். அதனால பொங்கல் லீவு முடிஞ்சு காலேஜ் திறந்ததும் விஸ்காம், ஜர்னலிசம், ஹிஸ்டரி டிபார்ட்மென்ட்ல எல்லாம் "வானொலி வரலாறு"ன்னு ஒரு குரூப் புராஜெக்ட் தலையில விழும். அஞ்சாறு பேர் சேர்ந்து ஒரு ரிப்போர்ட், ஒரு பிபிடி, சில இடங்கள்ல ஒரு பாட்காஸ்ட். கடைசியா "ரிஃப்ளெக்ஷன்"னு ஒரு பக்கம்.

நான் விஸ்காம் முடிச்சு ஆடியோ எடிட்டிங் வேலையில இருக்கேன். ஜூனியர் பசங்க "அக்கா, ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க"ன்னு ரிப்போர்ட்டை அனுப்புவாங்க. முதல் இருபது பக்கம் ஓரளவு நல்லாவே இருக்கும். கடைசிப் பக்கத்துக்கு வந்தா, "இந்தப் புராஜெக்ட் மூலம் குழுவாகச் செயல்படும் முறையைக் கற்றுக்கொண்டோம். நேர மேலாண்மையின் அவசியத்தை உணர்ந்தோம். வாய்ப்பளித்த பேராசிரியருக்கு நன்றி." இதை அப்படியே தூக்கி ஒரு மழைநீர் சேகரிப்பு புராஜெக்ட்ல ஒட்டினாலும் யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க. பத்து குரூப்போட பேப்பரைத் திருத்துற மேடத்துக்கு இது பத்தாவது தடவை.

இதுக்குக் காரணம் சோம்பேறித்தனம்னு நான் சொல்ல மாட்டேன். அந்தப் பக்கத்தை எழுத உட்காரும்போது உங்க கையில எதுவுமே இருக்காது, அதுதான் பிரச்சனை. முதல் வாரம் என்ன நினைச்சீங்க, எந்த இடத்துல மனசு மாறுச்சு, எதுக்காகச் சண்டை போட்டீங்கன்னு எல்லாம் மறந்து போயிருக்கும். அதனால கடைசிப் பக்கத்துக்கான வேலை முதல் நாளே ஆரம்பிக்கணும். எப்படின்னு ஒவ்வொண்ணா சொல்றேன்.

1. தலைப்பை வெட்டிச் சின்னதாக்குங்க

"இந்திய வானொலியின் வரலாறு"ன்னு எடுத்தீங்கன்னா, இருபது பக்கத்துல தேதிப் பட்டியல்தான் வரும். ஒரு ஊர், ஒரு காலம், ஒரு கேள்வி, இந்த மூணும் இருந்தா போதும். சில உதாரணம் தர்றேன்.

மெட்ராஸ் மாநகராட்சி ஏன் ரேடியோ நடத்துச்சு? 1924-ல சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முயற்சியில மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் ஆரம்பிச்சாங்க. வெறும் 40 வாட்ஸ் டிரான்ஸ்மிட்டர், அப்புறம் 200 வாட்ஸ். பணமில்லாம 1927-ல கிளப் நின்னு போச்சு. டிரான்ஸ்மிட்டர் மாநகராட்சி கைக்குப் போச்சு, 1930 ஏப்ரல் 1-ம் தேதி மாநகராட்சியே ஒலிபரப்பு ஆரம்பிச்சுது. குப்பை அள்ளுற, தெருவிளக்கு போடுற அமைப்பு சாயங்காலம் சங்கீதமும் ஒலிபரப்பியிருக்கு. மெரினாவுல ஒலிபெருக்கி வெச்சு ஜனங்க கேட்டிருக்காங்க. 1938 ஜூன் 16-ல ஆல் இந்தியா ரேடியோ மெட்ராஸ் நிலையம் வந்ததும் அந்த எட்டு வருஷக் கதை முடிஞ்சுது. இந்த எட்டு வருஷமே ஒரு முழு புராஜெக்ட்டுக்குத் தாங்கும்.

தமிழ்நாட்டுக்காரங்க ஏன் கொழும்பைத் திருப்பி வெச்சுக் கேட்டாங்க? 1952-ல தகவல் ஒலிபரப்பு அமைச்சரா வந்த பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டுக்கு ஆல் இந்தியா ரேடியோவுல இடமில்லாம பண்ணினார். கேட்கிறவங்க கை தானா ரேடியோ சிலோன் பக்கம் போச்சு. இங்க முழிச்சுக்கிட்டு 1957 அக்டோபர் 3-ம் தேதி விவித் பாரதியைக் கொண்டுவந்தாங்க. ஒரு அமைச்சரோட ரசனை எத்தனை லட்சம் வீட்டு டயலை நகர்த்துச்சுன்னு பார்க்கிறது நல்ல கேள்வி.

தஞ்சாவூர்ல ஏடிடி-27ங்கிற நெல்லுக்கு "ரேடியோ நெல்"னு ஏன் பேர் வந்துச்சு? 1960-கள்ல வானொலிப் பண்ணை நிகழ்ச்சியைக் கேட்டுத்தான் விவசாயிங்க அந்த ரகத்துக்கு மாறினாங்க, அதனால வந்த பேர். விவசாயக் குடும்பத்துப் பசங்க குரூப்ல இருந்தா இதை விடாதீங்க.

இல்லைன்னா பிபிசி தமிழோசை. 1941-ல உலகப் போர் நடுவுல ஆரம்பிச்சு, 2017 ஏப்ரல் கடைசியில வானொலி ஒலிபரப்பை நிறுத்தின வரைக்கும். அதுவும் பெரிசா தெரிஞ்சா அண்ணா எஃப்.எம். 2004 பிப்ரவரி 1-ல அண்ணா பல்கலைக்கழகத்துல ஆரம்பிச்ச, இந்தியாவோட முதல் வளாக சமுதாய வானொலி. சென்னைப் பசங்களுக்கு பஸ்ல போய் வர்ற தூரம்.

*ரிஃப்ளெக்ஷனுக்கு எடுத்து வையுங்க:* தலைப்பு எடுத்த அன்னிக்கே, ஒவ்வொருத்தரும் தனித்தனியா அந்தக் கேள்விக்கு என்ன பதில் வரும்னு நினைக்கிறீங்கன்னு அஞ்சு வரி எழுதி, தேதி போட்டு வெச்சுக்கோங்க. தப்பா இருந்தா இன்னும் நல்லது. கடைசிப் பக்கத்துக்கு உங்ககிட்ட இருக்கிற முதல் சொத்து அந்தத் தாள்தான்.

2. "முதன்முதல்"னு எங்க பார்த்தாலும் பிரேக் போடுங்க

இந்தியாவுல முதல் ஒலிபரப்பு எப்போ? 1921 ஆகஸ்ட்ல பம்பாய்ல டைம்ஸ் ஆஃப் இந்தியா அலுவலகத்துல இருந்து, தபால் தந்தித் துறையோட சேர்ந்து, கவர்னர் ஜார்ஜ் லாயிட் கேட்டுக்கிட்டதுக்காக ஒரு சங்கீத நிகழ்ச்சி அனுப்பினாங்க. அவர் பூனாவுல உட்கார்ந்து கேட்டார். அதை முதல்னு சொல்லலாம். 1923 ஜூன்ல பம்பாய் ரேடியோ கிளப், நவம்பர்ல வங்காள ரேடியோ கிளப். அவங்களையும் சொல்லலாம். 1924-ல நம்ம மெட்ராஸ் கிளப் வருது. முறையான கம்பெனியா லைசென்ஸ் வாங்கி நடத்தினது 1927 ஜூலை 23-ல பம்பாய்ல ஆரம்பிச்ச இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனி. அது மூணு வருஷம்கூட தாங்காம கடையை மூடிடுச்சு. ஆல் இந்தியா ரேடியோங்கிற பேர் 1936 ஜூன் 8-ல இருந்து.

இத்தனை தேதியும் சரிதான். "முதல் எது"ங்கிறதுக்கு முன்னாடி "எதுல முதல்"னு கேட்கணும், அவ்வளவுதான். ஒரே ஒரு தடவை நடந்த சோதனையா, கிளப்பா, கம்பெனியா, அரசாங்கமா? பிபிடியில ஒரே தேதியைப் பெரிய எழுத்துல போட்டுட்டு வைவாவுல மாட்டிக்காதீங்க.

காலையில நிலையம் திறக்கும்போது வர்ற ஆல் இந்தியா ரேடியோ முகப்பு இசை இன்னொரு உதாரணம். அதை அமைச்சவர் வால்டர் காஃப்மேன்னு பெரும்பாலான இடத்துல இருக்கும். நாஜிகளுக்குத் தப்பி பம்பாய் வந்து, வானொலியில மேற்கத்திய சங்கீதப் பிரிவைப் பார்த்துக்கிட்ட செக் நாட்டு யூதர். ஆனா வேற பேர்களைச் சொல்றவங்களும் இருக்காங்க. அந்த மாதிரி இடத்துல ஒரு பேரை மட்டும் எடுத்து "உறுதி"ன்னு எழுதாம, "பொதுவாக இவர் பேர் சொல்லப்படுது, மாற்றுக் கருத்தும் இருக்கு"ன்னு எழுதினா உங்க மரியாதை கூடும்.

கூகுள்ல வந்த தேதியோ, ஏஐ சொன்ன தேதியோ, வாட்ஸ்அப் ஃபார்வர்டோ எதுவா இருந்தாலும் ஒரே விதி: தொடர்பில்லாத ரெண்டு இடத்துல பார்க்காத தேதி ரிப்போர்ட்டுக்குள்ள வரக்கூடாது. ஒரே விக்கிப்பீடியா வரியைக் காப்பி அடிச்ச நாலு வலைத்தளம் நாலு ஆதாரம் ஆகாது. அது ஒண்ணுதான்.

*எடுத்து வையுங்க:* எந்தத் தேதியில ரெண்டு ஆதாரம் முட்டிக்கிச்சு, நீங்க எதை ஏன் எடுத்தீங்கன்னு ஒரு வரி.

3. சத்தமே மிஞ்சாத காலத்துக்குக் காகிதத்தைத் தேடுங்க

ரேடியோ புராஜெக்ட்ல பெரிய சங்கடம் இது. ஆரம்ப கால ஒலிபரப்பு எல்லாம் நேரலை. பாடினாங்க, காத்துல போச்சு, முடிஞ்சுது. டேப் வந்த பிறகும் எல்லாத்தையும் பத்திரப்படுத்தலை. அதனால "பழைய ரெக்கார்டிங் கிடைக்கலை"ன்னு புலம்பி ஒரு வாரத்தை வீணாக்காதீங்க. காகிதம் நிறைய இருக்கு.

வானொலி நிலையமே நிகழ்ச்சிப் பத்திரிகை போட்டுது. இங்கிலீஷ்ல "தி இந்தியன் லிஸனர்", தமிழ்ல "வானொலி". எந்த நாள், எத்தனை மணிக்கு, யார் கச்சேரி, யார் பேச்சுன்னு வரிசையா இருக்கும். இந்தியன் லிஸனர் பழைய இதழ்கள் நிறைய இன்டர்நெட் ஆர்க்கைவ்ல ஸ்கேனாவே கிடைக்குது. ஆனா ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க, நிகழ்ச்சி நிரல்ங்கிறது போடப்போறதாச் சொன்னது. போட்டாங்களான்னு அது சொல்லாது. வித்வானுக்கு அன்னிக்குத் தொண்டை கட்டியிருக்கலாம், கரண்ட் போயிருக்கலாம். அடுத்த நாள் செய்தித்தாள், கடிதப் பகுதி, சங்கீத விமர்சனம் இதையெல்லாம் பக்கத்துல வெச்சுப் பார்க்கணும்.

சென்னையில கன்னிமாரா, தரமணியில ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், எழும்பூர்ல ஆவணக் காப்பகம். போறதுக்கு முன்னாடி போன் பண்ணி, மாணவர்களுக்கு என்ன அனுமதிக் கடிதம் வேணும், போட்டோ எடுக்க விடுவாங்களான்னு கேட்டுக்கோங்க. டிபார்ட்மென்ட் லெட்டர்பேட்ல கையெழுத்து வாங்கவே நாலு நாள் ஆகும், அதை முதல் வாரமே முடிச்சுடுங்க. இலங்கை வானொலி பத்தின புராஜெக்ட்னா நூலகம் டாட் ஆர்க் தளத்துல ஈழத்துப் பத்திரிகை, மலர், புத்தகம்னு ஏராளமா இருக்கு. சோ. சிவபாதசுந்தரம் எழுதின "ஒலிபரப்புக் கலை"யை யாராவது ஒருத்தர் கட்டாயம் படிங்க. இலங்கை வானொலியிலும் பிபிசியிலும் வேலை பார்த்தவர் 1954-ல தமிழ்ல எழுதின புத்தகம். மைக் முன்னாடி உட்கார்ந்தவர் எழுதினதுக்கும் வெளியில இருந்து எழுதினதுக்கும் உள்ள வித்தியாசம் அதுல தெரியும்.

வீட்டுப் பரணையும் மறந்துடாதீங்க. 1980-கள் வரைக்கும் ரேடியோ வெச்சுக்க லைசென்ஸ் வேணும். தபால் ஆபீஸ்ல வருஷா வருஷம் பணம் கட்டி, சின்ன புத்தகத்துல ஸ்டாம்ப் ஒட்டி முத்திரை குத்தி வாங்கணும். அந்தப் புத்தகம் கிடைச்சா அதுல பேர், முகவரி, செட்டோட மாடல், கட்டின தொகை, தேதி எல்லாம் இருக்கும். ஒரு குடும்பம் எந்த வருஷம் ரேடியோ வாங்குச்சுங்கிறதுக்கு அதைவிடச் சாட்சி வேணாம். பழைய வால்வு செட் டயல்ல ஊர்ப் பேரெல்லாம் அச்சடிச்சிருக்கும், அதையும் படம் எடுங்க. அந்த வீட்டுக்காரங்க காதுக்கு எட்டும்னு கம்பெனி நினைச்ச உலகம் அது.

4. தாத்தா பாட்டியைப் பேட்டி எடுக்கிறது எப்படி

"உங்க காலத்துல ரேடியோ எப்படி இருந்துச்சு?"ன்னு கேட்டா, "அருமையா இருந்துச்சு கண்ணு, இப்ப மாதிரியா"ன்னு பதில் வரும். அதோட முடிஞ்சுது. பொருளையும் இடத்தையும் கேளுங்க.

ரேடியோவை வீட்டுல எங்க வெச்சிருந்தீங்க? ஸ்டேஷன் மாத்துற உரிமை யாருக்கு? ஏரியல் கம்பியை எங்க கட்டினீங்க? வீட்டுல செட் வாங்குறதுக்கு முன்னாடி எங்க போய்க் கேட்டீங்க, டீக்கடையா, சலூனா, பஞ்சாயத்து ரேடியோவா, பார்க்கா? அங்க உங்களை உட்கார விட்டாங்களா? லைசென்ஸ் பணம் கட்டினது யார்? பேட்டரி தீர்ந்தா என்ன செய்வீங்க? பாட்டிகிட்ட தனியா கேளுங்க, தாத்தா பக்கத்துல இருந்தா அவரே பதில் சொல்லிடுவார். கூடத்துல இருந்த ரேடியோவை அடுப்படியில நின்னுக்கிட்டுக் கேட்டவங்களுக்கு வேற கதை இருக்கும்.

"அப்பல்லாம் எல்லாரும் ரேடியோ கேட்பாங்க"ன்னு சொன்னா அதை அப்படியே ரிப்போர்ட்ல போடாதீங்க. சுதந்திரம் வந்தப்ப இந்தியாவுல ஆல் இந்தியா ரேடியோவுக்கு இருந்தது ஆறே நிலையம்: டில்லி, பம்பாய், கல்கத்தா, லக்னோ, மெட்ராஸ், 1939-ல ஆரம்பிச்ச திருச்சி. மக்கள்தொகையில 11 சதவீதம் பேருக்குத்தான் ஒலிபரப்பு எட்டுச்சு. எட்டின இடத்துலயும் செட் வாங்க காசு வேணும். "எல்லாரும்"னு சொன்னா அது எந்தத் தெரு, எந்தச் சாதி, யார் வீட்டு எல்லாரும்னு மெதுவா அடுத்த கேள்வியைப் போடுங்க.

அறிவிப்பாளர்கள் பேர்களும் குழம்பும். இலங்கை வானொலின்னதும் மயில்வாகனம், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீத்னு ஒரே மூச்சுல வரும். மயில்வாகனம் முன்னால உள்ள தலைமுறை, மத்த ரெண்டு பேர் பின்னால வந்தவங்க. சென்னை நிலையத்துல சிறுவர் நிகழ்ச்சி நடத்தின "வானொலி அண்ணா"ங்கிற பேர்லயும் வேற வேற காலத்துல வேற வேற பேர் இருந்திருக்காங்க. பேசுறவங்க பிறந்த வருஷத்தைக் கேட்டு வெச்சுக்கிட்டா யாரைச் சொல்றாங்கன்னு பிடிச்சுடலாம்.

ஒரு தாத்தா "1955-லயே நான் விவித் பாரதி கேட்டேன்"னு அடிச்சுச் சொல்லலாம். அது ஆரம்பிச்சதே 1957. அங்கேயே திருத்தி அவர் வாயை அடைச்சுடாதீங்க. கேட்டுக்கோங்க, குறிச்சுக்கோங்க, ரிப்போர்ட்ல "நினைவும் ஆவணமும் இங்கே வேறுபடுகின்றன"ன்னு ஒரு அடிக்குறிப்பு போடுங்க. அவர் சொன்னதுல தேதி தப்பா இருக்கலாம், மத்தியான நேரத்துல பாட்டு கேட்டது நிஜமா இருக்கலாம். ஒருவேளை அவர் கேட்டது சிலோனா இருக்கும்.

பதிவு செய்யும்போது கவனிக்க வேண்டியது: ஃபேனை நிறுத்துங்க, வெயில் காலம்னா பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை போட்டு நிறுத்துங்க. குக்கர் விசில், மாடு, மிக்ஸி அடங்கின நேரமாப் பாருங்க. போனை ஏரோப்ளேன் மோடுல போட்டு, பேசுறவங்க வாய்ல இருந்து ஒரு சாண் தூரத்துல, துணி மேல வையுங்க. மேஜை மேல வெறுமனே வெச்சா டம்ளர் வைக்கிற சத்தம்கூட இடி மாதிரி விழும். அரை நிமிஷம் பேசவிட்டு, கேட்டுப் பார்த்துட்டு ஆரம்பிங்க. முடிஞ்ச பிறகு யாரும் பேசாம அரை நிமிஷம் அந்த அறையை மட்டும் பதிவு பண்ணிக்கோங்க, எடிட் பண்ணும்போது இடைவெளியை நிரப்ப அது இல்லாம முடியாது. ஆரம்பத்துலயே பேர், ஊர், தேதி, "இதைக் காலேஜ் புராஜெக்ட்டுக்குப் பயன்படுத்தச் சம்மதம்"னு அவங்க குரல்லயே வாங்கிடுங்க.

*எடுத்து வையுங்க:* நீங்க எதிர்பார்க்காத ஒரு பதில். கேட்ட அன்னிக்கு ராத்திரியே எழுதுங்க.

5. டெக்னிக்கல் விஷயத்தைத் தாண்டிக் குதிக்காதீங்க

ஆர்ட்ஸ் குரூப் பசங்க "அலைவரிசை எல்லாம் நமக்கு எதுக்கு"ன்னு விட்டுடுவாங்க. அங்கதான் பாதி விடை ஒளிஞ்சிருக்கு. மீடியம் வேவ், பகல்ல தரையை ஒட்டித்தான் போகும், அதுவும் உப்புத் தண்ணி மேல நல்லாப் போகும். கொழும்புக்கும் நம்ம தென்கரைக்கும் நடுவுல இருக்கிறது கடல்தானே. பொழுது சாய்ஞ்சா வானத்துல அந்த அலையை உறிஞ்சுற அடுக்கு கலைஞ்சுடும், மேல இருக்கிற அடுக்குல பட்டுத் திரும்பி ரொம்ப தூரம் போய் விழும். "ராத்திரியானா கிளியரா கேட்கும்"னு தாத்தா சொன்னது பிரமை இல்லைன்னு இப்ப உங்களால ஆதாரத்தோட எழுத முடியும்.

எஃப்.எம். அப்படி இல்லை, கிட்டத்தட்ட கண்ணுக்கு எட்டுற தூரம்தான், ஆனா சுத்தமா இருக்கும். மெட்ராஸ்ல எஃப்.எம். ஒலிபரப்பு 1977 ஜூலை 23-லயே வந்துடுச்சு. கேட்கத் தேவையான செட் அப்ப பெரும்பாலான வீட்டுல கிடையாது. அதனால "எஃப்.எம். எப்போ வந்துச்சு"ங்கிறதுக்கு நிலையத்துக்காரர் ஒரு பதில் சொல்வார், 2000-த்துக்கு அப்புறம் தனியார் எஃப்.எம். கேட்டு வளர்ந்த உங்க அண்ணன் ஒரு பதில் சொல்வார். டிரான்சிஸ்டரும் அப்படித்தான். கரண்ட் இல்லாத வீட்டுக்கும், வயக்காட்டுக்கும், கட்டிட வேலை நடக்கிற இடத்துக்கும் ரேடியோவை அது தூக்கிட்டுப் போச்சு. ரேடியோ நெல் கதையை இதோட சேர்த்துப் பாருங்க.

6. வேலையைப் பத்து பத்து வருஷமா பிரிக்காதீங்க

"நீ 1920-30, நீ 30-40"ன்னு பிரிக்கிறது சுலபம். ஆனா யாருக்கும் முழுக் கதையும் தெரியாது. வைவாவுல ஒருத்தர்கிட்ட கேட்ட கேள்விக்கு இன்னொருத்தர் முகத்தைப் பார்ப்பீங்க. வேலையை வகையாப் பிரிங்க: ஒருத்தர் நூலகம், ரெண்டு பேர் பேட்டி, ஒருத்தர் ஒலி, ஒருத்தர் தேதி சரிபார்ப்பு. எழுதுறது எல்லாரும். பாதி வழியில ரெண்டு பேராவது இடம் மாத்திக்கோங்க.

பொண்ணுங்களுக்கு ஒரு வார்த்தை. "உனக்கு ஹேண்ட்ரைட்டிங் நல்லா இருக்கு, சார்ட் நீ போடு, பிபிடி நீ பண்ணு, வெளிய போறதை நாங்க பார்த்துக்குறோம்"னு சொன்னா தலையை ஆட்டிடாதீங்க. பேட்டிக்குப் போங்க. சில பாட்டிங்க உங்ககிட்டதான் மனசைத் திறப்பாங்க.

வாட்ஸ்அப் குரூப்ல கட்டைவிரலை மட்டும் உயர்த்திட்டுக் காணாமப் போறவர் எல்லா குரூப்லயும் ஒருத்தர் இருப்பார். மூணாவது வாரம் வரைக்கும் பொறுத்துட்டு அப்புறம் வெடிக்காதீங்க. முதல் வாரமே போன் பண்ணிப் பேசுங்க. பார்ட் டைம் வேலைக்குப் போறாரா, வீட்டுல யாருக்காவது உடம்பு சரியில்லையா, இல்லை என்ன செய்யணும்னே புரியலையா? சின்னதா, நாள் குறிச்சு ஒரு வேலை கொடுங்க: "வெள்ளிக்கிழமைக்குள்ள இந்தப் பேட்டியில முதல் பத்து நிமிஷத்தை எழுத்துல கொண்டுவா." அதுவும் வரலைன்னா அப்போ மேடத்துக்கிட்ட சொல்லலாம், கோள் சொன்ன மாதிரி ஆகாது.

வாரத்துக்கு ஒரு தடவை கால் மணி நேரம் உட்காருங்க. கேன்டீன் போதும். ஒரு கூகுள் டாக்ல மூணே மூணு வரி: இந்த வாரம் என்ன கிடைச்சுது, எது மாறுச்சு, எது இன்னும் தெரியலை. தேதியும் வந்தவங்க பேரும். ஃபைலுக்கு "ஃபைனல்", "ஃபைனல் நியூ", "கடைசி ஃபைனல்"னு பேர் வைக்காம தேதியைப் பேரா வையுங்க.

7. பாட்டு சேர்க்கிறதுக்கு முன்னாடி

பாட்காஸ்ட்ல பழைய பாட்டு நடுவுல வந்தா சுகமாத்தான் இருக்கும். வகுப்புக்குள்ள பாடத்துக்காகப் போட்டுக் காட்ட சட்டத்துல இடம் இருக்கு. யூடியூப்ல ஏத்தினா கதை வேற. நம்ம நாட்டுல ஒலிப்பதிவுக்குக் காப்புரிமை 60 வருஷம், ஒலிபரப்புக்கு நிலையத்தோட உரிமை 25 வருஷம். பாட்டோட வரிகளுக்கும் மெட்டுக்கும் தனித்தனி உரிமை. பொதுவெளிக்குக் கொண்டுபோறதா இருந்தா பாட்டை விட்டுட்டு, பேட்டி குரலையும் நீங்களே பதிவு பண்ணின சத்தத்தையும் வெச்சு செய்யுங்க. டயல் திருப்பும்போது வர்ற கரகரப்பு, தெருச் சத்தம், டீக்கடை டம்ளர். அதுலயே காலம் தெரியும்.

8. இப்ப அந்தக் கடைசிப் பக்கம்

இது வரைக்கும் வந்தவங்க கையில முதல் நாள் எழுதின அஞ்சு வரி, தேதிச் சண்டைக் குறிப்பு, எதிர்பார்க்காத பதில், வாராந்திர மூணு வரி எல்லாம் இருக்கும். அதை உடனே திறக்காதீங்க. முதல்ல ஒவ்வொருத்தரும் தனியா உட்கார்ந்து, ஞாபகத்துல இருந்து ஒரு பக்கம் எழுதுங்க: இந்தப் புராஜெக்ட்ல என்ன நடந்துச்சு, திருப்பம் எது, யார் என்ன செஞ்சாங்க. அப்புறம் அஞ்சு பேப்பரையும் பக்கத்துல வெச்சுப் படிச்சுட்டு, கூகுள் டாக்கைத் திறங்க.

வேடிக்கை அங்க ஆரம்பிக்கும். ஒருத்தர் தலைப்பு தன்னோட யோசனைன்னு எழுதியிருப்பார், இன்னொருத்தரும் அதையே எழுதியிருப்பார். லெட்டர் வாங்கப் போனது மூணாவது வாரம்னு ஒருத்தர், முதல் வாரம்னு இன்னொருத்தர். ரெண்டே மாசத்துல நடந்த விஷயம், அஞ்சு பேரும் அங்கதான் இருந்தீங்க. ஏறக்குறைய எழுபது வருஷத்துக்கு முன்னாடி கேட்ட ஒரு நிகழ்ச்சியைத் தாத்தா ரெண்டு வருஷம் முன்னாடி தள்ளிச் சொன்னதை இப்ப எப்படிப் பார்க்கிறீங்க? யாருமே பொய் சொல்லலை. வரலாறு எழுதுறவங்களுக்கு ஏன் ரெண்டாவது ஆதாரம் வேணும்னு பாடப் புத்தகம் நூறு பக்கம் சொன்னதை, உங்க குரூப்பே உங்களுக்குக் காட்டிடும். ரிஃப்ளெக்ஷன்ல எழுத வேண்டியது இதுதான்.

எழுதும்போது நாலு கேள்வியை வரிசையா எடுத்துக்கோங்க.

முதல்ல என்ன நினைச்சோம்? முதல் நாள் தாள்ல இருந்து ஒரு வரியை அப்படியே எடுத்துப் போடுங்க.

எது அதை அசைச்சுது? ஒரு ஆவணம், ஒரு பேட்டி, ஒரு சண்டை. ஒண்ணே ஒண்ணு போதும், விவரமா எழுதுங்க.

இப்ப என்ன நினைக்கிறோம்? இன்னும் எது தெரியலை? தெரியாததைச் சொல்றதுக்கு மார்க் குறையாது.

அடுத்த தடவை எதை வேற மாதிரி செய்வோம்? "நேரத்தை நல்லாப் பயன்படுத்துவோம்"னு எழுதாதீங்க. "பேட்டிக்கு முன்னாடி நிகழ்ச்சிப் பத்திரிகையைப் படிச்சுட்டுப் போவோம்"னு எழுதுங்க.

ஒரு மாதிரி தர்றேன், நீங்க காப்பி அடிக்கிறதுக்கு இல்லை: "சினிமாப் பாட்டு இல்லாததால்தான் மக்கள் கொழும்பைக் கேட்டார்கள் என்று முதல் வாரம் எழுதியிருந்தோம். கடலோரக் கிராமத்தில் பேட்டி கொடுத்தவர்களில் இருவர், சென்னை தங்கள் செட்டில் பகலில் கேட்டதே இல்லை, கொழும்புதான் கேட்டது என்றார்கள். கொள்கையைத் தேடிக்கொண்டிருந்த நாங்கள் தூரத்தை மறந்திருந்தோம். இரண்டில் எது பெரிய காரணம் என்பதை எங்கள் பேட்டிகளை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது." நாலே வாக்கியம்தான். மழைநீர் சேகரிப்புக்குள்ள இதை ஒட்ட முடியாது.

சண்டை வந்திருந்தா மறைக்க வேணாம், பேரைப் போட்டு மானத்தையும் வாங்க வேணாம். எதைப் பத்தின சண்டை, எப்படித் தீர்ந்துச்சு, தீர்வு ரிப்போர்ட்டை எப்படி மாத்துச்சுன்னு எழுதுங்க. "நாங்கள்" எங்க, "நான்" எங்கன்னும் பாருங்க. எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவுக்கு நாங்கள், தனியாச் செஞ்ச வேலைக்கும் தனியா வந்த சந்தேகத்துக்கும் நான். மேடத்துக்கு நன்றி சொல்லணும்னா அதுக்குத் தனிப் பக்கம் இருக்கு, அங்க சொல்லுங்க.

சப்மிட் பண்றதுக்கு முன்னாடி கடைசியா ஒரு தடவை

* ரிப்போர்ட்ல இருக்கிற ஒவ்வொரு வருஷத்தையும் ஒருத்தர் வாய்விட்டுப் படிக்க, இன்னொருத்தர் ஆதாரத்தைப் பார்த்து டிக் அடிங்க.
* குரூப்ல ரொம்பக் குறைவாப் பேசுறவர்கிட்ட முழுக் கதையையும் அஞ்சு நிமிஷத்துல சொல்லச் சொல்லுங்க. அவர் தடுமாறுற இடத்துலதான் வைவாவுல கேள்வி வரும்.
* ஆடியோவை ஹெட்போன்ல ஒரு தடவை, போன் ஸ்பீக்கர்ல ஒரு தடவை கேளுங்க. ஹாலோட ஸ்பீக்கர்ல போட்டுப் பார்க்க வாய்ப்பு கிடைச்சா அதையும்.
* முழுப் பேட்டிகளையும், எடிட் பண்ணாம, பேர் தேதியோட ஒரு பென் டிரைவ்ல போட்டு டிபார்ட்மென்ட் லைப்ரரியில கொடுங்க. அடுத்த வருஷம் இதே தலைப்பு எடுக்கிற குரூப்புக்கு நீங்கதான் ஆதாரம்.
* பேட்டி கொடுத்தவங்க வீட்டுக்கு ஒரு காப்பி போகணும். அவங்க போன்லயே ஏத்திக் கொடுத்து, எப்படித் திறக்கிறதுன்னு பேரன் பேத்திகிட்ட சொல்லிட்டு வாங்க. மார்க் ஷீட் வர்ற வரைக்கும் இதைத் தள்ளிப் போடாதீங்க, அந்த வாரமே போயிட்டு வந்துடுங்க.